கிரிட்டாவில் ஃப்ளாட்ஸ்: கோட்டோரம் வெள்ளை இழை, திறந்த கோட்டில் வண்ணம் கசிகிறது

கோட்டுவாசி

கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள், பதிப்பு 5.2. ஏ4 பக்கம், 300 டிபிஐ, அதாவது 2480 × 3508 பிக்சல். கோடுகள் 5 முதல் 7 பிக்சல் தடிமன், பின்னணி இல்லாத தனி லேயரில் (அடுக்கில்) இருக்கின்றன. அதற்குக் கீழே உள்ள லேயரில் ஃபில் டூலால் ஃப்ளாட்ஸ், அதாவது நிழலில்லாத அடிப்படை வண்ணம், நிரப்புகிறேன்.

கோட்டை ஒட்டி எங்கும் மயிரிழை அளவுக்கு வெள்ளை நிற்கிறது. திரெஷோல்டை (எவ்வளவு நிற வேறுபாடு வரை நிரப்பலாம் என்ற அளவை) ஏற்றினால் குறைகிறது, ஆனால் மெல்லிய கோடுகளைத் தாண்டி வண்ணம் அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறது. தலைமுடியிலும் சட்டை மடிப்பிலும் கோடுகளை வேண்டுமென்றே மூடாமல் விட்டிருக்கிறேன். அங்கே ஒரு தட்டு தட்டினால் பக்கம் முழுக்க ஓடுகிறது. கோட்டை மூடினால் படத்தின் உயிரே போய்விடும். இதற்கு என்ன வழி?

மைக்கூடு

முதலில் வெள்ளை இழை. உங்கள் கோட்டின் ஓரம் முழுக் கறுப்பு இல்லை. ஓரத்தை வழுவழுப்பாகக் காட்டும் ஆன்டி-அலியாசிங்கால் அங்கே ஒன்றிரண்டு பிக்சல் பாதி ஒளி ஊடுருவும் நிலையில் இருக்கும். ஃபில் டூல் அந்தப் பிக்சல்களைக் கோடு என்று எடுத்துக்கொண்டு அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. அவற்றின் அடியில் வண்ணம் இல்லாததால் காகித வெள்ளை எட்டிப் பார்க்கிறது. திரெஷோல்டை ஏற்றுவது இதற்கு மருந்து இல்லை. அது கோடு எது என்ற வரையறையைத்தான் தளர்த்துகிறது, மெல்லிய கோட்டைத் தாண்டுவது அதனால்தான்.

திரெஷோல்டைக் குறைவாகவே வைத்துவிட்டு, ஃபில் டூல் அமைப்பில், நிரப்பிய பகுதியை வெளிப்பக்கம் விரிக்கும் ‘குரோ’ அளவை 3 பிக்சலுக்குக் கொண்டுபோங்கள். 6 பிக்சல் கோட்டுக்கு அது பாதி. இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் வண்ணங்கள் கோட்டின் நடுவில் சந்திக்கும். நடுவில் சந்திப்பது முக்கியம். பிறகு கோட்டுக்குப் பழுப்போ நீலமோ ஏற்றினால், அடியில் இருக்கும் எல்லை லேசாகத் தெரியும். ஒருபக்கமாக ஏறியிருந்தால் அசிங்கமாக இருக்கும்.

ஓரத்தை மங்கலாக்கும் ஃபெதரை 0 ஆக்குங்கள். ஃபில் டூலின் ஆன்டி-அலியாசிங்கையும் அணைத்துவிடுங்கள். ஃப்ளாட்ஸின் ஓரம் படிக்கட்டு மாதிரி இருந்தால் கவலை வேண்டாம், மேலே இருக்கும் கோடு மறைத்துவிடும்.

சரிபார்க்க, எல்லாவற்றுக்கும் அடியில் 255, 0, 255 மெஜந்தாவில் ஒரு லேயர் போடுங்கள். வெள்ளைப் பின்னணியில் கண்ணுக்குப் படாத ஒற்றைப் பிக்சல் ஓட்டைகூட அதில் பளிச்சென்று தெரியும். தோலுக்கும் வெள்ளைச் சட்டைக்கும் இது இல்லாமல் ஃப்ளாட்ஸ் முடிந்தது என்று சொல்லவே கூடாது.

நீலப்பென்சில்

கசிவுக்குக் கோட்டு லேயரைத் தொட வேண்டியதில்லை. அதற்கு மேலே ‘அடைப்பு’ என்று ஒரு புது லேயர் திறங்கள். திறந்த இடங்களை எல்லாம் 2 பிக்சல் தடிமனில் கடின விளிம்பு பிரஷால் சிவப்பில் கோடு போட்டு அடையுங்கள். கோட்டு லேயர், அடைப்பு லேயர் இரண்டுக்கும் ஒரே நிற லேபிள், நீலம் என்று வைத்துக்கொள்வோம். ஃபில் டூலின் ‘ரெஃபரன்ஸ்’ பகுதியில் நிற லேபிள் உள்ள லேயர்களைத் தேர்ந்தெடுத்து நீலத்தைக் கொடுங்கள். இனி அந்த இரண்டை மட்டும்தான் அது எல்லையாகப் பார்க்கும். எல்லாம் நிரப்பிய பிறகு அடைப்பு லேயரை மறைத்துவிடலாம். உங்கள் திறந்த கோடு திறந்தபடியே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: அடைப்புக் கோடு மெல்லியதாக இருப்பதால் அந்த இடத்தில் மட்டும் 3 பிக்சல் குரோ மறுபக்கம் போய்விடும். அங்கே மேலே மறைக்கக் கோடும் இல்லை. கடைசியாக நிரப்பும் வண்ணம்தான் எல்லையைத் தீர்மானிக்கும் என்பதால் பின்னால் இருப்பதை முதலிலும் முன்னால் இருப்பதைப் பிறகும் நிரப்புங்கள். கழுத்து, அதன்மேல் காலர், அதன்மேல் முடி.

முடி நுனிகளில் சிக்கிய சின்னச் சின்ன வெள்ளைத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டாம். 5.1-இல் வந்த ‘என்க்ளோஸ் அண்டு ஃபில்’ டூலால் அந்தக் கூட்டத்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டால், உள்ளே முழுதாக அடைபட்ட பகுதிகள் எல்லாம் ஒரே முறையில் நிரம்பும்.

கட்டம்_ஏழு

கலரைஸ் மாஸ்க்கை யாரும் சொல்லவில்லையே. கிரிட்டா 4.0 (2018) முதல் இருக்கிறது. கோட்டு லேயருக்கு அதைச் சேர்த்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கீறல் வண்ணம் வைத்து, பின்னணிக்கு வைத்த நிறத்தை ஒளிபுகும் நிறம் என்று குறித்து, அப்டேட் கொடுத்தால் பகுதிகளை அதுவே பிரிக்கும். ‘கேப் குளோஸ் ஹின்ட்’ அளவைக் கூட்டினால் சிறு திறப்புகளையும் தாண்டாது. திருப்தியானதும் பெயின்ட் லேயராக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆனால் குறுக்குக் கோட்டு நிழல் நிறைய உள்ள படத்துக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொரு கோட்டையும் எல்லை என்று நினைத்துத் தடுமாறும். 600 டிபிஐ பக்கத்தில் (4961 × 7016) ஒவ்வொரு அப்டேட்டுக்கும் காத்திருக்க வேண்டியும் வரும். பெரிய எளிய வடிவங்கள், பின்னணிக் கட்டடங்கள், கூட்டம் — இவற்றுக்கு அருமை. முகத்துக்கும் கைக்கும், கையால் சுற்றி வரைந்து தேர்ந்தெடுக்கும் லாஸ்ஸோவால் வெட்டி நிரப்புவதுதான் என் தேர்வு.

கோட்டுவாசி

குரோ 3, மெஜந்தா இரண்டும் அற்புதமாக வேலை செய்கின்றன, நன்றி. அடைப்பு லேயரும் சரி. இப்போது நிழலில் மாட்டிக்கொண்டேன். நிழல் லேயரில், கீழே வண்ணம் உள்ள இடத்தில் மட்டும் நிற்க வைக்கும் ‘இன்ஹெரிட் ஆல்ஃபா’ அழுத்தினாலும் வண்ணம் சட்டைக்கு வெளியே போகிறது. சட்டையைத் தேர்ந்தெடுத்தால் சில நேரம் பையும் சேர்ந்து வருகிறது.

மைக்கூடு

இன்ஹெரிட் ஆல்ஃபா கீழே இருக்கும் ஒரு லேயரை மட்டும் பார்க்காது. அதே குழுவில் அடியில் உள்ள எல்லா லேயர்களின் ஆல்ஃபாவையும் (ஒளி ஊடுருவும் அளவையும்) சேர்த்துப் பார்க்கும். உங்கள் அடுக்கில் காகித வெள்ளையும் மெஜந்தாவும் பக்கம் முழுக்க நிரம்பியிருப்பதால் எல்லை என்று ஒன்றே இல்லை. ஃப்ளாட்ஸையும் நிழலையும் ஒரு குழுவுக்குள் போடுங்கள், பின்னணி வெளியே இருக்கட்டும். அப்போது நிழல் உருவத்துக்குள் நிற்கும். சட்டைக்குள் மட்டும் நிற்க வேண்டும் என்றால் செலக்‌ஷன் வேண்டும்.

பை சேர்ந்து வருவது, இரண்டுக்கும் ஒரே நிறம் அல்லது மிக நெருங்கிய நிறம் கொடுத்ததால். ஃப்ளாட்ஸ் லேயர் உண்மையில் ஒரு தேர்வு வரைபடம். அமெரிக்க காமிக்ஸில் ஃப்ளாட்டர் என்று தனி ஆளே இதற்கு உண்டு, அவர் தரும் நிறங்கள் கடைசி நிறங்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சட்டைக்குப் பச்சை, பைக்கு ஆரஞ்சு என்று வெகுதூரம் தள்ளி வையுங்கள். அந்த லேயரைப் பூட்டிவிட்டு, பிரதி எடுத்து அதில் உண்மையான வண்ணங்களை மாற்றுங்கள். நிழல் போடும்போது பூட்டிய லேயருக்குப் போய், ‘சிமிலர் கலர் செலக்‌ஷன்’ டூலின் ஃபஸினஸை (நெருங்கிய நிறங்களையும் சேர்க்கும் அளவை) கடைசிவரை குறைத்துப் பச்சையைத் தட்டுங்கள். பிசிறில்லாமல் வரும். பிறகு நிழல் லேயருக்குத் திரும்புங்கள்.

நீலப்பென்சில்

இதோடு ஒன்று: அந்தக் கோப்பை நடுவில் அளவு மாற்றாதீர்கள். அக்கம்பக்கப் பிக்சல்களைக் கலக்கும் பைக்யூபிக் முறையில் பெரிதாக்கினாலோ சுருக்கினாலோ இரண்டு நிறங்களுக்கு இடையே புதிய இடைநிறங்கள் முளைக்கும், பிறகு தேர்வின் ஓரம் கந்தலாகும். ஜேபெக்கும் அதையே செய்யும். இணையத்துக்குச் சிறிய படம் வேண்டுமென்றால் பிரதியில் லேயர்களை ஒன்றாக்கிச் சுருக்குங்கள். ஃப்ளாட்ஸை வேறொருவருக்கு அனுப்பினால் பிஎன்ஜி.

ஃப்ளாட்ஸ் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க, அந்த லேயரின் பிரதியில் ‘ஸ்பிளிட் லேயர்’ கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு நிறமும் தனி லேயராகப் பிரியும். 14 நிறம் போட்டிருந்தால் 14 லேயர் வர வேண்டும். நூற்றுக்கணக்கில் வந்தால் எங்கோ மென்மையான பிரஷ் பட்டிருக்கிறது.