விடுதியில் அம்மை: வேப்பிலை போதுமா, ஊசி வேண்டுமா?

அறை 14:
எங்கள் பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியில் அறைத்தோழிக்கு நேற்று சின்னம்மை போட்டுவிட்டது. வீட்டில் "ஆத்தா வந்திருக்கா, டாக்டர்கிட்ட காட்டக் கூடாது, கிளம்பி வா" என்றார்கள். ஆறு மணி நேரம் பஸ்ஸில் போயிருக்கிறாள். மீதி மூன்று பேர் இங்கே இருக்கிறோம். எனக்கு அம்மை வந்ததே இல்லை. வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறோம். வேறு என்ன செய்வது?

கீழத்தெரு:
பயப்படாதே தங்கச்சி. எங்கள் ஊரில் வாசலில் வேப்பிலை தொங்கினால் வேற்றாள் படியேற மாட்டான். அந்த வீட்டாரும் எந்த விசேஷத்துக்கும் போக மாட்டார்கள். தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றும்வரை இதுதான் கட்டுப்பாடு. இளநீர், மோர், மெல்லிய பருத்தித் துணி, வாழையிலைப் படுக்கை, இதில் எது கெடுதல்? சாமி மேல் பயம் இருப்பதால்தான் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறார்கள். நோட்டீஸ் ஒட்டிப் பாருங்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

மாத்திரைப்பெட்டி:
நான் செவிலியர். கட்டுப்பாடு நல்லதுதான், ஆனால் தாமதமாகத் தொடங்குகிறது. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே காற்றில் தொற்று பரவ ஆரம்பித்துவிடும். நீங்கள் வேப்பிலை செருகும்போதே மெஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். அவளுக்குத் தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். விடுதியில் ஒன்று அடங்கியதும் அடுத்தது கிளம்புவது இதனால்தான். குழந்தைகளைவிடப் பெரியவர்களுக்கு இது கடுமையாக வரும், நுரையீரல்வரை போகலாம். கொப்புளம் வந்த 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கினால் வேகம் குறையும். "டாக்டரிடம் காட்டாதே" என்பதில் அந்த ஒரு நாள் போய்விடுகிறது. அப்புறம், வீட்டுப் படியேற விடாத நோயை ஒரு பஸ் முழுக்க ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

கீழத்தெரு:
பஸ் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே இருந்தால் யார் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள்? நான் படித்தபோது எங்கள் விடுதியில் நோயாளிக்கென்று ஓர் அறைகூட இல்லை. வார்டனே மூட்டை கட்டச் சொன்னார். அதையும் சேர்த்துப் பேசுங்கள். இன்னொன்று, ஊசி போட்டால் அம்மை உள்ளுக்குள் அடங்கி ஆளைக் கெடுக்கும் என்பார் என் பாட்டி. அந்தப் பயம் ஒரு நாளில் போகாது.

மாத்திரைப்பெட்டி:
விடுதி பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. பாட்டி சொன்னதற்கு மட்டும் ஒன்று. பெரியம்மைக்கும் இதே ஆத்தாதான். அதே நம்பிக்கையுள்ள வீடுகளில்தான் அம்மை குத்தினார்கள். 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. அதற்காக யாரும் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லையே.

அறை 14, அம்மை வராதவர்கள் உடனே டாக்டரைப் பார்த்துத் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். தொற்றியவரோடு பழகிய 3 நாளுக்குள், மிஞ்சினால் 5 நாளுக்குள் போட்டால் பலன் உண்டு. அரசின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை, அதனால் காசு செலவாகும். கர்ப்பிணிகள் போடக் கூடாது.

அறை 14:
மூவரில் ஒருத்திக்கு ஏழு வயதில் வந்திருக்கிறது. மற்ற இருவரும் இன்று மாலையே டாக்டரிடம் போகிறோம். காலி அறை ஒன்றை ஒதுக்கச் சொல்லி வார்டனிடம் எழுதிக் கொடுத்துவிட்டோம். தோழியின் அம்மாவிடமும் பேசினேன். மாத்திரை வேண்டாம் என்கிறார், ஆனால் டாக்டர் வீட்டுக்கு வந்து பார்ப்பதற்குச் சம்மதித்துவிட்டார். வேப்பிலை வாசலிலேயே இருக்கிறது.