தண்டவாளத்தில் வைத்ததும் ஷார்ட் ஆகும் தகரப் பெட்டிகள்

வணக்கம், நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். பழைய மாடல் ரயில்களின் (தண்டவாளத்தில் ஓடும் சிறிய மாதிரி ரயில்கள்) பெட்டிகளை வாங்கி, சரிசெய்து விற்கிறேன். மூன்று வாரமாக இரண்டு பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிறேன்.

குளச்சலில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது நான்கு பயணிகள் பெட்டிகள் கிடைத்தன. பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டும் நன்றாக ஓடுகின்றன. மற்ற இரண்டும் தகரம், பச்சை நிறம், நீளம் 24 செ.மீ. இவற்றில் எதை வைத்தாலும் இன்ஜின் அப்படியே நின்று, கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிகிறது. என்னுடையது ஹெச்ஓ (மாடல் ரயில் அளவுகளில் ஒன்று), 16.5 மி.மீ. பாதை, 12 வோல்ட் டிசி; இரண்டு தண்டவாளங்களும் மின்சாரத்தின் இரு முனைகள்.

கடல்காற்றில் பிடித்த துரு என்றுதான் முதலில் நினைத்தேன். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்ததில் பஞ்சு செம்பழுப்பாகிவிட்டது, ஷார்ட் மட்டும் போகவில்லை. அப்புறம் அச்சைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே பீப் அடிக்கிறது, அதாவது மின்சாரம் தடையின்றிக் கடக்கிறது! பிளாஸ்டிக் பெட்டிகளில் சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே மின்சாரத்தைத் தடுக்கும் கறுப்பு புஷ் (வளையம்) இருக்கிறது. இவற்றில் எல்லாமே உலோகம்.

அடியில் எழுத்து தேய்ந்துவிட்டது. லென்ஸில் ‘வெஸ்ட் ஜெர்மனி’ மட்டும் தெரிகிறது, அதனால் 1990க்கு முந்தையதாக இருக்க வேண்டும். ஜெர்மன் மாடல் ரயில் நிறுவனமான மெர்க்லினின் ஏசி முறையில் மின்சாரம் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள தொடர்பு வழியாக வரும், சக்கரங்களுக்கு இன்சுலேஷன் தேவையில்லை. அவர்கள் பெட்டியாக இருக்கலாம் என்பது என் ஊகம். பெயின்ட் ஒரு மூலையில் மட்டும்தான் உரிந்திருக்கிறது, கெடுக்க மனம் வரவில்லை.

இன்சுலேஷன் உள்ள சக்கரம் மாட்டி டிசி பெட்டியாக விற்பதா, பழைய சக்கரத்தோடு அப்படியே விற்பதா, எதற்கு நல்ல விலை கிடைக்கும்?