கொலுசு வேலை செய்கிறவளுக்கு மகப்பேறு பணம்: நாமே சந்தா கட்டினால் கிடைக்குமா?

வெள்ளிக்கம்பி (சிவதாபுரம்)
எல்லாருக்கும் வணக்கம். ஒரு துணி கம்பெனியில் சில வருஷம் தையல் வேலை பார்த்தேன், மாசாமாசம் சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தார்கள். இந்த ஜனவரி கடைசியில் நின்றுவிட்டு இப்போது வீட்டிலேயே கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலை செய்கிறேன். இரண்டாவது பிரசவம், ஆகஸ்ட் மாசம் தேதி கொடுத்திருக்கிறார்கள். கேஸ் நெருப்புக்கு முன்னால் குனிந்தபடி ஒரு நாள் முழுக்க உட்கார இனி முடியாது. தெரிந்தவர் மூலமாக ஒரு ஏஜென்ட் வந்தார். இந்த ஏப்ரலிலிருந்து ஒரு கம்பெனி பேரில் என்னைச் சேர்த்துவிடுவாராம், 12,000 சம்பளம் என்று காட்டி முதலாளி பங்கு, தொழிலாளி பங்கு இரண்டையும் நானே கட்டினால் மாசம் 480 ரூபாய்தானாம், மூணு மாசத்தில் தகுதி வந்துவிடுமாம். அவர் கமிஷன் தனி. நம் காசை நாமே கட்டுவதில் என்ன தப்பு என்று கேட்கிறார். சேரலாமா?

சம்பளச்சீட்டு
வேண்டாம்மா. சேலத்தில் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கு இஎஸ்ஐ, பிஎஃப் கணக்கு போடுகிறவன் நான், இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இஎஸ்ஐயில் தனி ஆள் தானாகச் சந்தா கட்டிச் சேர வழி கிடையாது. வேலை, முதலாளி, சம்பளம் மூன்றும் இருந்தால்தான் தொழிலாளி பங்கு 0.75 சதவீதமும் முதலாளி பங்கு 3.25 சதவீதமும். வேலையே பார்க்காமல் பெயரை மட்டும் ஏற்றினால் அது பொய்த் தகவல். அதற்குச் சட்டத்தில் சிறை வரை தண்டனை உண்டு, வாங்கிய பணத்தையும் திருப்பிக் கேட்பார்கள். மாட்டுவது நீங்கள், ஏஜென்ட் போனை மாற்றிவிடுவார்.

அதைவிட முக்கியமானது ஒன்று. அவர் சொன்னபடி கட்டினாலும் ஆகஸ்ட் பிரசவத்துக்கு அது உதவவே உதவாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டும் சந்தா அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கும்தான் பேசும். ஜூலை முதல் டிசம்பர் வரை நடக்கும் பிரசவத்துக்குப் பார்ப்பது போன அக்டோபர் முதல் இந்த மார்ச் வரை உள்ள காலத்தையும் அதற்கு முந்தைய ஆறு மாசத்தையும். இந்த இரண்டிலும் சேர்த்து 70 நாள் சந்தா இருந்தால் போதும். நீங்கள் ஜனவரி கடைசி வரை வேலையில் இருந்தவர், அப்படியென்றால் 70 நாளை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். வேலையை விட்டுவிட்டீர்கள் என்பதற்காக அந்த உரிமை போகாது. பழைய இஎஸ்ஐ நம்பரை எடுங்கள்.

அம்மாபேட்டை நர்ஸ்
அண்ணா சொன்ன கணக்கு நல்ல செய்தி, செல்லம், முதலில் அதைப் பிடி. ஆனால் "தனி ஆள் கட்ட வழி கிடையாது" என்று அவர் சொல்லிவிட்டுப் போகிற விஷயத்தில்தான் எனக்குச் சண்டை. ஏன் கிடையாது? நான் வளைகுடாவில் வேலை பார்த்தபோது கூட இருந்த பிலிப்பைன்ஸ் பெண்கள் தங்கள் ஊர் எஸ்எஸ்எஸ் (அரசாங்கச் சமூகப் பாதுகாப்பு நிதி) சந்தாவை விடாமல் கட்டுவார்கள். அங்கே ஒருத்தி முன்பு வேலையில் இருந்து கட்டியிருந்தால், வேலை போன பிறகும் தானாகவே உறுப்பினராகத் தொடரலாம். 2019-ல் வந்த சட்டப்படி 105 நாள் சம்பளத்தோடு மகப்பேறு, தானாகக் கட்டுகிறவளுக்கும் அதே 105 நாள். நம்ம சிவதாபுரத்துப் பெண்ணுக்கு இது இருந்திருந்தால் ஏஜென்ட் அவள் வாசல்படி ஏறியிருப்பானா?

சம்பளச்சீட்டு
நீங்கள் சொல்லும் முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். அங்கே மூன்று மாசச் சந்தா இருந்தாலே தகுதி. தானாகக் கட்டுகிறவர் 15 சதவீதம் முழுவதும் தானே கட்டணும், 20,000 பீசோ கணக்கில் மாசம் 3,000, மூணு மாசத்துக்கு 9,000. திரும்பக் கிடைப்பது 35,000. கர்ப்பம் ஆகப்போகிறவள் மட்டும் சேர்ந்து கட்டி வாங்கிக்கொண்டு விலகினால் நிதி எப்படி நிற்கும்? யார் தலையில் விடியும்? வருஷக்கணக்காகக் கட்டும் மில் தொழிலாளி தலையில்.

அம்மாபேட்டை நர்ஸ்
அந்த ஓட்டையை அவர்களே அடைத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் பிரசவம் என்றால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உள்ள அரையாண்டைத் தள்ளிவிட்டு, அதற்கு முந்தைய ஏப்ரல் முதல் மார்ச் வரை கட்டியதைத்தான் பார்ப்பார்கள். வயிறு தெரிந்த பிறகு ஓடிப்போய்க் கட்டினால் செல்லாது, பழைய பாக்கியாகவும் ஏற்க மாட்டார்கள். அப்புறம் அந்த 12 மாசத்தில் சந்தா கட்டிய சம்பளக் கணக்கில் அதிகமான ஆறு மாசத்தை எடுத்துக் கூட்டி, 180-ஆல் வகுத்து, 105 நாளால் பெருக்குவார்கள். மூணு மாசம் மட்டும் கட்டியவளுக்குப் பாதிதான் வரும், ஆறு மாசம் கட்டியிருந்தால் 70,000. அதே சந்தாவில்தான் பென்ஷனும் ஓடுகிறது, அதனால் வாங்கிக்கொண்டு ஓடுகிறவள் தன் வயசான காலத்தைத் தானே வெட்டிக்கொள்கிறாள். பெண்களை நம்பாமல் ஏமாற்றுக்காரிகள் என்று முதலிலேயே முடிவு கட்டாதீர்கள் அண்ணா.

நாகலூர்
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். நர்ஸ் அக்கா பேசுவது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எஸ்டேட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மகப்பேறு சட்டப்படி 12 மாசத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வாரச் சம்பளம், 2017-ல் வந்த திருத்தம் அது. எங்கள் பக்கம் அதை முதலாளி தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும். அதனால் என்ன செய்கிறார்கள்? கார்த்திகை, மார்கழியில் காப்பி பழம் பறிக்கிற வரை பெயர் மஸ்டரில் (எஸ்டேட் வருகைப் பதிவேட்டில்) இருக்கும், கல்யாணமாகி வந்த சின்னப் பெண் என்றால் 80 நாள் ஆவதற்குள் பெயர் மேஸ்திரி நோட்டுக்கு மாறிவிடும். என் தங்கைக்கே நடந்தது. பழம் பறித்த கை அதே கை, தோட்டமும் அதே தோட்டம், கணக்கில் மட்டும் அவள் இல்லை. நாளைக்கு "தானாகக் கட்டலாம்" என்று ஒரு வழி வந்தால் முதலாளி என்ன சொல்வார்? "நீயே கட்டிக்கொள், அரசாங்கமே சொல்லிவிட்டதே" என்பார். இருக்கிற கொஞ்சநஞ்சப் பொறுப்பும் கழன்றுவிடும். நான் எதிர்க்கிறேன்.

அம்மாபேட்டை நர்ஸ்
தம்பி, உன் தங்கைக்கு ஓனர் இருக்கிறார், அவரைப் பிடிக்கணும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. கொலுசு வேலை செய்கிறவளுக்கு யாரைப் பிடிப்பாய்?

வெள்ளிக்கம்பி (சிவதாபுரம்)
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். எங்களுக்கு வெள்ளியை எடை போட்டுத் தருவார்கள், வேலை முடிந்ததும் எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. தேதி, எடை, ஒரு சுழித்த கையெழுத்து. கடை பேர் இருக்காது, என் பேரும் இருக்காது. செவ்வாய்ப்பேட்டையில் இருப்பவர் பட்டறைக்காரருக்குக் கொடுக்கிறார், பட்டறைக்காரர் எனக்குக் கொடுக்கிறார். முதலாளி யார் என்று கேட்டால் இரண்டு பேரும் மற்றவரைக் கை காட்டுவார்கள்.

நாகலூர்
அதற்குத்தான் அரசாங்கம் 18,000 கொடுக்கிறதே, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில். ஒரு பைசா சந்தா கிடையாது. அதை இன்னும் உயர்த்து என்று கேட்பதுதான் சரி, ஏழையிடம் போய்ச் சந்தா கேட்பது இல்லை.

அம்மாபேட்டை நர்ஸ்
நல்ல திட்டம், நானே எத்தனையோ பேருக்குப் பதிவு போட வழி சொல்லியிருக்கிறேன். ஆனால் கணக்குப் போடு. ரொக்கம் 14,000, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். 26 வாரத்துக்கு, அதாவது 182 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 77 ரூபாய். அது சத்துக்கான காசு, சம்பளத்துக்கு ஈடு ஆகாது. சராசரி நாள் சம்பளம் 400 என்று வைத்தால் இஎஸ்ஐயில் அதே 182 நாளுக்கு 72,800. அந்த இடைவெளியால்தான் பிள்ளை பெற்ற ஒரே மாசத்தில் பெண்கள் மறுபடி நெருப்புக்கு முன்னால் உட்காருகிறார்கள், நான் வார்டில் பார்த்த தாய்மார்கள் எல்லாரும் சொல்லும் கதை இது.

சம்பளச்சீட்டு
புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில், 2025 நவம்பரில் அமலுக்கு வந்ததே, அதில் 10 பேருக்குக் குறைவான இடமும் இஎஸ்ஐயில் சேரலாம், முதலாளியும் பெரும்பாலான தொழிலாளிகளும் ஒத்துக்கொண்டால். தோட்ட முதலாளியும் விரும்பினால் சேரலாம். அமைப்புசாராத் தொழிலாளிக்கு இஎஸ்ஐ பலன் தரத் தனித் திட்டம் போடவும் 45-வது பிரிவு இடம் கொடுக்கிறது. ஆக, கதவு சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அதைத் திறக்கும்போது முழுச் சந்தாவையும் பெண் தலையில் கட்டாதீர்கள் என்பதுதான் என் வாதம். கட்டுமானத்தில் கட்டடச் செலவில் 1 சதவீதம் பிடித்துத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போடுகிறார்களே, அதே மாதிரி வெள்ளியில் மொத்த வியாபாரியிடம் கிலோவுக்கு இவ்வளவு என்று பிடிக்கட்டும். எடை போடுவது அவர்களுக்குப் புதுசு இல்லை.

நாகலூர்
வியாபாரி பங்கு கட்டாயம் என்று எழுதினால் மட்டும் நான் ஒத்துக்கொள்வேன். "விரும்பினால்" என்ற வார்த்தை முதலாளி பக்கம் இருக்கிற வரைக்கும் ஒருத்தரும் விரும்ப மாட்டார்கள்.

அம்மாபேட்டை நர்ஸ்
அவர்கள் கட்டாயமாகும் வரை இவள் காத்திருக்கணுமா? குழந்தை காத்திருக்காது. முதலில் பெண்ணுக்குக் கதவைத் திற, வியாபாரி பங்கை அடுத்துச் சண்டை போட்டு வாங்குவோம்.

வெள்ளிக்கம்பி (சிவதாபுரம்)
ஏஜென்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய நம்பரைத் தேடி எடுத்துவிட்டேன், டிசம்பர் சம்பளச் சீட்டும் இருக்கிறது. அண்ணா, ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அந்த 26 வாரத்தில் வீட்டில் கொலுசு வேலை பார்க்கலாமா?

சம்பளச்சீட்டு
கூடாதும்மா. கூலிக்கு வேலை பார்க்கிற நாளுக்குப் பணம் கிடையாது. பிரசவத் தேதிக்கு முன்னால் அதிகபட்சம் எட்டு வாரம் எடுக்கலாம், டாக்டர் சான்று வாங்கிக்கொண்டு இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போங்கள். ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் கையோடு இருக்கட்டும். முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள், 26 வாரம் முதல் இரண்டு குழந்தைக்குத்தான் என்பதால் கேட்கக்கூடும்.

வெள்ளிக்கம்பி (சிவதாபுரம்)
சரிண்ணா. ஜூன் கடைசியோடு வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நர்ஸ் அக்கா, நீங்கள் சொல்கிற சந்தா வந்தால் மாசம் 500 வரைக்கும் நான் கட்டுவேன், ஆனால் என் பெயர் எழுதிய புத்தகம் ஒன்று வேண்டும், வெள்ளி கொடுத்தவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் என்னை மாதிரி நிறையப் பேர் இருக்கிறார்கள், மனு எழுதினால் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.