காயம் பட்டாலே டிடி ஊசியா?

பிளாஸ்மா_செல்:
டிடி என்பது ரண ஜன்னி (டெட்டனஸ்) வராமல் தடுக்கும் ஊசி. ஆணி குத்தினாலும் தகரம் கிழித்தாலும் "போன ஊசி போட்டு ஆறு மாசம் ஆச்சா? அப்ப ஒண்ணு போட்டுக்கோ" என்பது இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அந்த ஆறு மாசக் கணக்குக்கு ஆதாரமே கிடையாது. ஏற்கெனவே மூன்று டோஸ் முடித்தவருக்குச் சுத்தமான சின்னக் காயம் என்றால், கடைசி டோஸ் போட்டு 10 வருஷம் ஆகியிருந்தால் மட்டும் ஊசி. மண், சாணம் பட்டது, ஆழமாகக் குத்தியது, தீக்காயம், நசுங்கியது என்றால் 5 வருஷம்.

ஊசியில் இருப்பது ரண ஜன்னிக் கிருமியின் நச்சு, ஃபார்மலின் என்ற ரசாயனத்தால் பல்லைப் பிடுங்கியது. அதைப் பார்த்துப் பழகிய நினைவு செல்கள் வருஷக்கணக்கில் உடம்பில் இருக்கும். எலும்பு மஜ்ஜையில் குடியேறிய பிளாஸ்மா செல்கள், நச்சைப் பிடித்து முடக்கும் புரதமான ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும். ஆறு மாசத்தில் இதெல்லாம் காலியாகிவிடாது.

ஊர்நல_நர்ஸ்:
மூன்று டோஸ் முடித்தவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? தடுப்பூசி அட்டை யாரிடம் இருக்கிறது? நம் நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் தொடங்கியதே 1978-ல், பரவலானது 1985-க்குப் பிறகு. அதற்கு முன் பிறந்த பெண்களில் பலருக்குக் கர்ப்பத்தின்போதாவது டிடி விழுந்திருக்கும். அறுபது வயது ஆண், வெறுங்காலில் தொழு உரம் அள்ளுகிறவர், ஒரு டோஸ்கூட இல்லாதவராக இருக்கலாம். ஜன்னி வந்துவிட்டால் வாரக்கணக்கில் வென்டிலேட்டர். ஒரு ஊசி கூடுதலாகப் போனால் என்ன நஷ்டம்?

பிளாஸ்மா_செல்:
நஷ்டம் இரண்டு பக்கமும் இருக்கிறது, மேடம்.

ரத்தத்தில் ஆன்டிபாடி நிறைய இருக்கும்போதே மறுபடி மறுபடி போட்டால், ஊசி மருந்தும் ஆன்டிபாடியும் அங்கேயே பிணைந்து ரத்தக்குழாய்ச் சுவரில் படியும். சிலருக்கு 4 முதல் 12 மணி நேரத்துக்குள் தோளிலிருந்து முழங்கை வரை வீங்கி வலிக்கும். ஒருமுறை அப்படி வந்தவருக்கு 10 வருஷத்துக்குள் அடுத்த டோஸ் போடக்கூடாது.

நீங்கள் சொல்லும் அந்த விவசாயிக்கு நடப்பது இதைவிட மோசம். ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடுகிறோம், அவரும் தைரியமாகப் போகிறார். முதல் டோஸுக்கு உடம்பு ஆன்டிபாடி செய்யவே வாரங்கள் ஆகும், அதுவும் கொஞ்சம்தான். ஜன்னி 3 முதல் 21 நாளில் வந்துவிடும். அவருக்கு அந்தக் காயத்துக்குத் தேவை 250 யூனிட் இம்யூனோகுளோபுலின், அதாவது ரெடிமேட் ஆன்டிபாடி. ஒரு கையில் டிடி 0.5 மில்லி, மறு கையில் அது. பிறகு 4 வாரத்தில் இரண்டாவது, அதிலிருந்து ஆறு மாசம் கழித்து மூன்றாவது. இந்த இரண்டுக்கும் யாரும் வரச் சொல்வதில்லை.

வேர்வழி:
நல்ல சாப்பாடு, தூக்கம், நெல்லிக்காய், இதெல்லாம் சரியாக இருந்தால் உடம்பே பார்த்துக்கொள்ளாதா? அம்மை வந்து போனால் ஆயுசுக்கும் எதிர்ப்பு வருகிற மாதிரி இதற்கும் வரும்தானே?

ஊர்நல_நர்ஸ்:
வராது, தம்பி. இந்த ஒரு விஷயத்தில் பிளாஸ்மா_செல் சாருக்கும் எனக்கும் சண்டையே இல்லை. இந்த நச்சு ஆளைக் கொல்ல எவ்வளவு வேண்டுமோ, அது நோய் எதிர்ப்பு மண்டலம் கவனித்து ஆன்டிபாடி செய்யத் தேவையான அளவைவிடக் குறைவு. ஜன்னியிலிருந்து பிழைத்தவருக்கும் அதனால்தான் முழுத் தடுப்பூசி போடுகிறோம். நச்சு நரம்புக்குள் ஏறிவிட்டால் எந்த ஆன்டிபாடியும் அங்கே போய்ப் பிடிக்க முடியாது. தசையைத் தளரவிடும் சமிக்ஞை நின்றுபோகும், தாடை பூட்டிக்கொள்ளும். தூக்கமும் சாப்பாடும் எப்போதும் நல்லதுதான், ஆனால் இதற்கு அது காவல் ஆகாது.

உடம்புக்கு உதவ நினைத்தால் காயத்தைக் கவனியுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, மண்ணையும் சிராயையும் எடுத்துவிட வேண்டும். செத்த தோல், சதை இருந்தால் மருத்துவமனையில் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். காற்றுப் படாத இடத்தில்தான் இந்தக் கிருமி முளைக்கும். காப்பித்தூள், சுண்ணாம்பு, சாணம் வைத்து மூடுவது அதற்கு இடம் செய்துகொடுப்பது. துருவுக்கும் ஜன்னிக்கும் நேரடித் தொடர்பு இல்லை, துருப்பிடித்த ஆணி கிடக்கும் மண்ணில்தான் கிருமியின் வித்து. நாய் கடித்தால் டிடி மட்டும் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள், வெறிநோய்க்கு ஊசி தனி.

பிளாஸ்மா_செல்:
இன்னொன்று. இப்போது அரசு திட்டத்தில் டிடி என்றாலே தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்த ஊசிதான், 10, 16 வயதில் போடுவது. குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரீஸரில் உறைந்துபோனால் அதிலுள்ள அலுமினிய உப்பு திரிந்து வீரியம் போய்விடும். சந்தேகம் வந்தால் குலுக்கி வையுங்கள். உறைந்த குப்பியில் அரைமணிக்குள் செதில்கள் அடியில் இறங்கி மேலே தெளிந்துவிடும். அதைப் போடக்கூடாது.

ஊர்நல_நர்ஸ்:
சரி. ஆனால் இம்யூனோகுளோபுலின் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்காது. அட்டை இல்லாதவரை நான் ஒரு டோஸும் போடாதவராகத்தான் கணக்கில் எடுப்பேன். முதல் ஊசியைப் போட்டுக் காயத்தைச் சுத்தம் செய்து, தாலுகா மருத்துவமனைக்குச் சீட்டு எழுதுவேன்.

பிளாஸ்மா_செல்:
அந்தச் சீட்டிலேயே தேதி, எத்தனையாவது டோஸ், அடுத்தது எப்போது, மூன்றையும் எழுதுங்கள். நான் எதிர்ப்பது டோஸ் கணக்கே கேட்காமல் போடும் ஊசியை.