கண்மாய்க்கரையில் குடும்பங்களுக்கான பறவை விழா: எங்கே, எப்படி நடத்தலாம்?

கேள்வி: கூடல்நகர்வாசி

அனைவருக்கும் வணக்கம். மதுரை கூடல்நகர்ப் பகுதியில் மூன்று தெருக்கள் சேர்ந்த எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஏறத்தாழ 40 குடும்பங்கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டிக் கோலப்போட்டி, உறியடி, சாக்கு ஓட்டம் என்று ஒரு நாள் கழியும். வரும் தை மாதத்தில், நீர்ப்பறவைகள் கூடும் ஓரிடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, விவரம் தெரிந்தவர்கள் துணையுடன் கரையில் நடக்கவைத்து, அந்த நாளையே ஒரு சிறு விழாவாக நடத்தலாம் என்று சங்கக் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. ஏற்பாட்டுப் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள்.

எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சென்ற ஆண்டு வேறொரு குழுவினர் நடத்திய இத்தகைய நிகழ்ச்சிக்கு என் மகளுடன் போயிருந்தேன். நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கரையிலேயே பந்தல், ஒலிபெருக்கி, வரவேற்புரை எல்லாம் நடந்தன. உரைகள் முடிந்து நாங்கள் நீரோரம் போனபோது இரண்டு கொக்குகள் மட்டுமே எஞ்சியிருந்தன. "பறவை விழா என்று சொன்னீர்களே, பறவையே இல்லையே அம்மா" என்று மகள் கேட்டதற்கு என்னிடம் விடையில்லை.

காரைக்குடி சாலையில் கொள்ளுக்குடிப்பட்டியை ஒட்டியுள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போவது நல்லதா, அல்லது மதுரையை ஒட்டிய கண்மாய் ஒன்றே போதுமா? ஆறு வயதுப் பிள்ளைகளும் எழுபது வயதுப் பெரியவர்களும் வருவார்கள். எங்களிடம் இரண்டே இரண்டு இருகண் நோக்கிகள்தாம் இருக்கின்றன. யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: கரைநடையாளர்

அம்மா, உங்கள் மகள் கேட்ட கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. விழாவையும் நடையையும் ஒரே இடத்தில் வைத்ததுதான் அங்கே நடந்த பிழை. பந்தல், விளையாட்டு, சிற்றுண்டி ஆகியவற்றை ஊருக்குள் ஒரு பள்ளி வளாகத்திலோ சமுதாயக் கூடத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்; அங்கிருந்து கரைக்குப் பன்னிரண்டு பேருக்கு மிகாத சிறு குழுக்களாக அனுப்புங்கள். ஒரு குழு கரையில் இருக்கும்போது மற்றவர்கள் வளாகத்தில் வேறு வேலையில் இருக்கட்டும். முன்னே வழிகாட்டி ஒருவர், கடைசியில் வால்போல ஒருவர். பின்தங்கும் பிள்ளையைக் கவனிப்பது அந்த வாலின் வேலை என்பதால், பறவை தெரியாதவராயினும் பொறுமையுள்ளவரை அதற்குத் தேர்ந்தெடுங்கள்.

நேரத்தில் தளர்வு காட்டாதீர்கள். தை மாதத்தில் மதுரையில் சூரியன் 6.30 மணியைத் தாண்டித்தான் எழுகிறது. முதல் குழு அதற்குச் சற்று முன்னரே கரையில் இருந்தால், இரவெல்லாம் இரை தேடிய வக்காக்கள் மரத்துக்குத் திரும்புவதையும், நீர்க்காகங்களும் கொக்குகளும் மரத்தைவிட்டுக் கிளம்புவதையும் ஒருசேரக் காணலாம். ஆலையில் இரவு வேலைக்காரர்கள் வெளியே வரும்போது பகல் வேலைக்காரர்கள் உள்ளே போவதைப்போல என்று சொன்னால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயிலும் ஏறும், பிள்ளைகளின் பொறுமையும் குறையும்.

நம் பகுதியில் நிலம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கும் தென்கிழக்குமாகச் சரிவதால், பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரை கிழக்குப் பக்கம் அமைந்திருக்கும். ஆகவே காலையில் கரைமேல் நின்று நீரைப் பார்க்கும்போது சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவையின் நிறம் துலக்கமாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் ஒளி கண்ணைக் கூசவைத்து, எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும். பலர் மாலையில் போய்விட்டு ஏமாந்து திரும்புவது இதனால்தான். எனினும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் கண்மாயின் கரை எப்பக்கம் என்பதை ஒரு வாரம் முன்னரே நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருகண் நோக்கி இரண்டே இருப்பது பெரிய குறையன்று. சிறு பிள்ளைகளுக்கு அதைக் கண்ணில் பொருத்திப் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் கை சோர்ந்துவிடும். முக்காலியில் பொருத்திய தொலைநோக்கி ஒன்றை யாரிடமாவது இரவல் பெற்று, பிள்ளைகளின் உயரத்துக்கு இறக்கி வைத்தால் வரிசையில் நின்று எல்லோரும் பார்ப்பார்கள். நோக்கி வாங்குவதாக இருந்தால் 8x42 போதுமானது. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், 42 மில்லிமீட்டர் முன்வில்லை விடியற்காலை மங்கலிலும் போதிய ஒளியை உள்ளே விடும். அதைவிட உருப்பெருக்கம் கூடியவை கை நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும்.

அறுபது பறவைகளின் பெயரை ஒப்பிக்க வேண்டாம், ஆறு போதும். கூழைக்கடாவின் சிறகு விரிப்பு இரண்டு மீட்டருக்கு மேல். அதைக் காண எந்தக் கருவியும் தேவையில்லை. மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து நீருக்குள் வைத்துக்கொண்டு, காலால் கலக்கி, மீன் அலகில் படும் கணத்தில் கவ்வும், கண்ணால் தேடுவதில்லை. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகை விரித்து வெயிலில் உலர்த்துவது, அவற்றின் இறகுகள் நீரில் நனைந்துவிடுவதால். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் சற்றே இடைவெளி விட்டிருக்கும். அது உண்டு போட்ட நத்தை ஓடுகள் கரையோரம் கிடக்கும். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டுவதைவிட அந்த ஓடுகளையும், ஈரமண்ணில் பதிந்த கால் தடங்களையும், உதிர்ந்த இறகுகளையும் காட்டுங்கள். பார்த்தவற்றை அவ்விடத்திலேயே விட்டுவர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வளாகத்தில் காத்திருப்போருக்கு ஒரு விளையாட்டு: ஒரு தட்டில் நீரும் மணியும் சேமியாவும், இன்னொன்றில் மணலுக்குள் பயறு. பிள்ளைகள் கையில் கரண்டி, இடுக்கி, வடிகட்டி, குச்சி. எந்தக் கருவியால் எதை எடுக்க முடிகிறது என்று பார்த்த பிறகு, கரண்டிவாயனின் அலகு ஏன் அப்படி, உள்ளானின் அலகு ஏன் இப்படி என்று யாரும் விளக்கவே வேண்டியதில்லை.

மறுமொழி 2: கொள்ளுக்குடிப்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரர்

எங்கள் பக்கம் வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். மதுரையிலிருந்து காரைக்குடி போகும் வழியில், ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் இருக்கிறது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி ஆகிய கண்மாய்கள் சேர்ந்து 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. அதற்கும் முன்பிருந்தே ஊர்மக்கள் பறவைகளைக் காத்து வருகிறார்கள். தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை என்பதைச் செய்தித்தாளில் ஆண்டுதோறும் படித்திருப்பீர்கள். பறவையின் எச்சம் கலந்த கண்மாய் நீர் பயிருக்கு உரமாகும் என்பதை அறிந்த உழவர்கள் அவர்கள். பாசம் ஒருபுறம், பயன் ஒருபுறம்.

ஆனால் ஒன்றைக் கருத்தில் கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிரம்பிய பிறகுதான் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஆகவே நீங்கள் வர நினைக்கும் தை மாதம், பல கூடுகளில் முட்டையும் குஞ்சும் இருக்கும் காலம். ஆள் நெருங்கித் தாய்ப்பறவை எழுந்து போனால், அது திரும்பும் வரை குஞ்சுகள் வெயிலில் கிடக்கும். காகம் காத்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த குழுவில் ஒருவர் படம் எடுப்பதற்காகப் பறக்கும் கேமராவை மரங்களுக்கு மேலே ஏற்றிவிட்டார். மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் எழுந்தது. ஊர்ப் பெரியவர்கள் அவரிடம் பேசிய பேச்சை இங்கே எழுத இயலாது.

வர வேண்டாம் என்று சொல்லவில்லை. 40 குடும்பங்களும் ஒரே நாளில் வர வேண்டாம். இரண்டு வேன்களில் அடங்கும் அளவுக்கு வாருங்கள். வனத்துறையினரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். கண்காணிப்பு மேடையிலிருந்தே பாருங்கள். காலைச் சிற்றுண்டியைப் பொட்டலங்களாகக் கட்டிக்கொண்டு வருவதைவிட உள்ளூரில் சொல்லி வைத்தால், எங்கள் மக்களுக்கும் நாலு காசு கிடைக்கும், பிளாஸ்டிக் குப்பையும் கரையில் விழாது. ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். எந்த மரத்தில் எந்த ஆண்டு எது கூடு கட்டியது என்பதை அவர்கள் சொல்லும்போது உங்கள் வழிகாட்டியும் உட்கார்ந்து கேட்பார்.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற பாசனப் பணியாளர்

அனுமதி பற்றிக் கேட்டதற்கு விடை: சரணாலயம் என்றால் வனத்துறை. மற்றக் கண்மாய்களில், 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் வயல் பரப்பு) உள்ளவை பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கும். நடந்துபோய்ப் பார்ப்பதற்கு எவரும் தடை சொல்வதில்லை என்றாலும், இத்தனை பேர் வருகிறீர்கள் என்பதால் ஒரு கடிதம் கொடுத்து, ஊராட்சி அலுவலகத்திலும் சொல்லிவிடுவது மரியாதை. மீன்பாசிக் குத்தகைதாரரையும் பார்த்துவிடுங்கள். மீனைக் காக்க அவர் பறவையை விரட்டுகிறவராகவும் இருக்கலாம், அன்று ஒருநாள் வெடி போடாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.

எனக்கு உண்மையான கவலை பிள்ளைகளின் பாதுகாப்பில்தான். வண்டலும் சவுடும் அள்ளிய கண்மாய்களின் உள்வாயில், அதாவது நீர் தேங்கும் உட்பகுதியில், ஆள் மூழ்கும் பள்ளங்கள் இருக்கின்றன. நீர் நிரம்பிய பிறகு எது திட்டு, எது பள்ளம் என்று கரையிலிருந்து தெரியாது. முழங்கால் ஆழம் என்று தோன்றும் இடத்தில் இறங்கிய பிள்ளை அடுத்த அடியில் காணாமல் போகும். கரையின் உட்சரிவில் பதித்த கற்கள் பாசி பிடித்து வழுக்கும். மடைக்கு அருகில் எவரையும் விடாதீர்கள். மடை திறந்திருந்தால் அந்த இழுவை மேலே நிற்பவருக்குப் புலப்படாது. கரை உச்சியின் நடுவே மட்டும் நடப்பது, நீரில் கால் வைப்பதில்லை என்று புறப்படும் முன்பே பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளைவிடப் பெற்றோர்தாம் தற்படத்துக்காக இறங்குகிறார்கள்.

இன்னொன்று. பறவை வல்லுநரை மட்டும் அழைத்து, வயல்களுக்கு நீர் பகிர்ந்துவிடும் நீர்ப்பாய்ச்சியை மறந்துவிடாதீர்கள். எந்த வரத்துக்கால் வழியாக நீர் வருகிறது, நிரம்பிக் கலுங்கு (உபரிநீர் வழியும் இடம்) பாய்ந்தால் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகிறது, எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நீர்மட்டம் குறையக் குறையத்தான் கால் நெடிய பறவைகளுக்கு இரை எட்டும். ஆக, அவர் மடை திறக்கும் கணக்கும் உங்கள் நாரைகள் வரும் கணக்கும் ஒன்றோடொன்று பின்னியவை.

மறுமொழி 4: மேலூர் ஆசிரியை

சுருக்கமாக ஒரு கருத்து. முதல் முறையே சரணாலயத்துக்குப் போக வேண்டாம். அமைதியாக நிற்கப் பழகாத பிள்ளைகளைக் கூடுகட்டும் இடத்துக்கு அழைத்துச் செல்வது, நீந்தத் தெரியாதவரை ஆழத்தில் இறக்குவது போன்றது. மதுரைக்குத் தென்கிழக்கே சாமநத்தம் கண்மாயை நகரத்துப் பறவை ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள்; அவர்களில் ஒருவர் வழிகாட்டினால் ஒரு காலைப்பொழுது நிறைவாக இருக்கும். அங்கும் கருவேல மரங்களில் பறவைகள் அடைவதுண்டு. அந்தப் பக்கத்தைத் தவிர்த்து நில்லுங்கள். நகரத்துக் கழிவுநீர் சேரும் கண்மாய் என்பதால் பிள்ளைகள் நீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையெல்லாம் எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் பதிந்தால் போதும். இதை உங்கள் மொட்டை மாடியிலேயே முதல் நாள் செய்துபாருங்கள். மைனாவையும் செம்போத்தையும் 15 நிமிடம் வாய்திறக்காமல் எண்ணிய பிள்ளைக்கு மறுநாள் கண்மாய்க்கரையில் தனியாக எதுவும் சொல்ல வேண்டியிராது.

எங்கள் மேலூர்ப் பக்கத்தில் கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே ஊத்தாவும் (மீன் பிடிக்கும் கூடை) வலையுமாக இறங்கும் மீன்பிடித் திருவிழா இருக்கிறது. அது வேறு வகைக் கொண்டாட்டம். அங்கே எவ்வளவு சத்தமும் போடலாம். பிள்ளைகளை அதற்கும் ஒருமுறை அழைத்து வாருங்கள்.

கூடல்நகர்வாசி

அனைவருக்கும் மிக்க நன்றி. சங்கத்தில் பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம்: பொங்கல் அன்று மாலை மாடிகளில் 15 நிமிடக் கணக்கெடுப்பு, அதற்கடுத்த ஞாயிறு சாமநத்தத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாக நடை, அருகில் கேட்டிருக்கும் பள்ளி வளாகத்தில் அலகு விளையாட்டு. அதிலும் பேசாமல் நிற்கப் பழகியவர்கள் மட்டும் இரண்டு வேன்களில் பிறகு கொள்ளுக்குடிப்பட்டிக்கு. பாசனப் பணியாளர் ஐயா சொன்ன பள்ளங்களை மனத்தில் வைத்து, இந்த வாரமே இருவர் நேரில் போய்க் கரையைப் பார்த்துவரப் போகிறோம்.

ஓர் ஐயம் மட்டும் மிச்சம். என் மாமனாருக்கு முழங்கால் வலி. கரைமேல் நெடுந்தூரம் நடக்க இயலாது. அவரைப் போன்றவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள்.

கரைநடையாளர்

அவர்களை நடக்கவைக்க வேண்டாம். கரைக்கு ஏறும் வண்டித்தடத்துக்கு அருகில் நிழலுள்ள ஓரிடத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டு, இருகண் நோக்கி ஒன்றை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். நடக்கிறவர்களைக் கண்டு விலகிப்போகும் பறவை, உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் அரைமணி நேரத்தில் திரும்ப வந்துவிடும். மாமனாரிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். அன்றைய பட்டியலில் அவருடையது நீளமாக இருந்தாலும் வியக்காதீர்கள். நாற்காலியின் காலுக்கு அடியில் பலகை வைக்க மறக்க வேண்டாம், கரைமண் ஈரமாக இருக்கும்.