காட்டுக்குள் எழும் கெதெலோன் கோட்டை: வட்டக் கோபுரம் ஏன், சாந்து என்ன?

முதுநகர்வாசி:
பிரான்சில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது, மாமா எங்களை பர்கண்டிப் பகுதியில் த்ரெய்ஞி கிராமத்துக்குக் கூட்டிப் போனார். காட்டுக்குள் கைவிட்ட ஒரு கல்குவாரி. அங்கே 1997 முதல் கெதெலோன் கோட்டையை 13ஆம் நூற்றாண்டு முறையில் புதிதாகக் கட்டி வருகிறார்கள். சிமெண்ட் இல்லை. பெரிய மரச் சக்கரத்துக்குள் ஆள் நடக்க நடக்கக் கல் மேலே ஏறுகிறது. வாய் பிளந்து நின்றேன்.

இரண்டு சந்தேகம். மூலைக்கு மூலை வட்டக் கோபுரம் எதற்கு? சதுரமாக எழுப்புவது சுலபம்தானே? அப்புறம், அங்கே நான் தொட்டுப் பார்த்த சாந்து வெறும் சுண்ணாம்பும் மணலும். புதுச்சேரிப் பழைய வீடுகளில் இருப்பதும் அதேதானா? முத்தியால்பேட்டையில் தாத்தா வீட்டைப் பழுது பார்க்க வேண்டும்.

வில்லியனூரான்:
அது பிலிப் ஒகுஸ்த் அரசர் காலத்துப் பாணி. 1180 முதல் 1223 வரை ஆண்டவர். பாரிஸில் பழைய லூவ்ர் கோட்டையைக் கட்டியவரும் அவர்தான். சதுரக் கோபுரத்தின் மூலைக்கடியில் சுரங்கம் தோண்டினால் அந்த மூலையே சரிந்துவிடும். வட்டத்துக்கு அப்படிப் பிடி கிடையாது, எறிகல்லும் வழுக்கிப் போகும். மதிலுக்கு வெளியே துருத்தி நிற்பதால் அம்பு எய்பவனுக்கு மதிலடி முழுக்கத் தெரியும்.

சுண்ணாம்பு மேஸ்திரி:
தம்பி, முப்பது வருஷமாக இந்த வேலைதான். அடிப்படைச் சேர்மானம் அதேதான், பக்குவம் வேறு. நம் பக்கம் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, சலித்து, மணலோடு அரைப்போம். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேரும். வழவழப்பான மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் உண்டு.

சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் கல்லாகும். அதற்கு அவசரமே ஆகாது. தடித்த சுவரின் உள்பக்கம் இறுக வருஷக்கணக்கில் எடுக்கும். கெதெலோன்காரர்கள் குளிர்காலத்தில் வேலையை நிறுத்துகிறார்கள் என்று படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஈரச் சாந்து உறைந்தால் பொரிந்துவிடும். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை.

அங்கே பதின்மூன்று முடிச்சுக் கயிற்றைப் பார்த்தாயா? பன்னிரண்டு சம இடைவெளி. பக்கத்துக்கு 3, 4, 5 இடைவெளி என்று முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் மூலைமட்டம், அதாவது செங்கோணம், வந்துவிடும். என் அப்பா அடிக்கோல் வைத்துச் செய்த அதே கணக்கு.

சரி, உன் வீட்டுக்கு வருகிறேன். சிமெண்ட் மட்டும் பூசிவிடாதே. கடலோரச் சுவர் உப்பையும் ஈரத்தையும் வெளியே விட்டாக வேண்டும். மேலே சிமெண்டால் அடைத்தால் உள்ளே இருக்கும் செங்கல் மாவாகிவிடும். கண்ணெதிரே பார்த்து வயிறெரிந்திருக்கிறேன்.

முதுநகர்வாசி:
அண்ணே, அந்தக் கயிற்றை வைத்து என் மகளையே ஒரு மூலை பிடிக்கச் சொன்னார்கள். அது மூலைமட்டம் என்று இப்போதுதான் புரிகிறது. தாத்தா வீட்டுத் தெருப்பக்கச் சுவரில் இடுப்பளவுக்கு ஏற்கெனவே சிமெண்ட் இருக்கிறது, அதற்கு மேலேதான் உதிர்கிறது. கொத்தி எடுத்துவிடவா?

சுண்ணாம்பு மேஸ்திரி:
சுத்தியலால் ஓங்கி அடிக்காதே, செங்கல்லும் சேர்ந்து வந்துவிடும். சின்ன உளியால் ஒரு முழம் மட்டும் எடுத்துப் படம் போடு. மீதியைப் பொங்கலுக்கு அப்புறம் தொடுவோம்.