ஆய்வறச் சொற்பொழிவுக்குக் கரையோர மக்களை எப்படி அழைப்பது?

கேள்வி (பாம்பன்): எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வு அறம் குறித்த பொதுச் சொற்பொழிவுகளைத் திட்டமிடுகிறோம். சென்ற முறை குளிரூட்டிய அரங்கில் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். கடற்கரையிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. எதைப் பற்றிப் பேசினால் வருவார்கள்?

மறுமொழி (தொண்டி): மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுகளுக்கு அமெரிக்காவில் அறநெறி வகுத்த 1979ஆம் ஆண்டின் பெல்மான்ட் அறிக்கையிலிருந்து தொடங்காதீர்கள். கப்பாபைக்கஸ் பாசியிலிருந்து தொடங்குங்கள். வளர்த்தவர்களுக்கு வருமானம் தந்த அந்த அயல் பாசி, மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மீது படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள், அரங்கம் தானே பேசும்.

மறுமொழி (மண்டபம்): என் தாயார் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையிடுக்கில் பாசி பறிப்பவர். படிவத்தில் கையெழுத்து வாங்கிச் செல்லும் ஆய்வாளர்கள் முடிவைச் சொல்ல ஏன் திரும்பி வருவதில்லை என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. அதற்கு மேடையில் இடம் கொடுங்கள்.

மறுமொழி (ஏர்வாடி): ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நடத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். அது விசைப்படகினருக்கு மட்டுமே ஓய்வு. நாட்டுப்படகினர் அப்போதும் கடலுக்குப் போவார்கள். மாலை நேரமாக, மீன் ஏலக்கூடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: ஏலக்கூடத்துக்கு அனுமதி கேட்டு இன்றே எழுதுகிறேன். மண்டபத்து அம்மா முதலில் பேச இசைவாரா?